எட்டுப் பாகம் ஆழம்

சம்மனசுத்துறையில் பாவங்கள் எவ்வளவு ஆழத்தில் போய் விழ வேண்டும் என்று முடிவு செய்தவர், அதற்கு முந்தின நாள் வரைக்கும் கடலையே பார்த்திராத ஒரு சாமியார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தபசுகாலத்தில் மலைப்பக்கத்திலிருந்து தியானப் பிரசங்கம் பண்ண வந்த அவர், கோயிலின் கிழக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்த நீலத்தைக் கைநீட்டிக் காட்டி, நீங்கள் மனஸ்தாபப்பட்டுச் சொல்லுகிற பாவங்களையெல்லாம் ஆண்டவர் அதோ அந்தக் கடலின் ஆழத்தில் போட்டுவிடுகிறார், பிறகு அவற்றை அவர் நினைப்பதே இல்லை என்று உருகி உருகிச் சொன்னார். வேறு ஊராக இருந்தால் சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இது மீன்பிடிக்கிற ஊர். ஆழம் என்று பொத்தாம் பொதுவாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போக இங்கே யாரும் விடமாட்டார்கள். கரைமடி வலைக்குச் சொந்தக்காரரான ரொசாரிச் சம்மாட்டி முன்வரிசையிலிருந்து எழுந்து, எத்தனை பாகத்தில் சாமி என்று கேட்டார். இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம்தான் ஒரு பாகம் என்பதை அறியாத தியானச் சாமியார், கேள்வியில் ஏதோ குதர்க்கம் இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் தடுமாறி, எட்டு என்று சொல்லிவைத்தார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் எட்டுப் பாகம் என்பது நண்டு மேய்கிற ஆழம். ஆனால் குருவானவர் பூமியிலே கட்டுவது பரலோகத்திலும் கட்டப்படும் என்று சேசுநாதரே வாக்குக் கொடுத்திருப்பதால், அன்றையிலிருந்து அது அப்படியே ஆயிற்று.

பத்து வருஷம் ஊர் அதன் பாட்டுக்கு இருந்தது. சனங்கள் பாவம் செய்தார்கள், பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு அதைச் சாமியார் காதில் சொன்னார்கள், லேசாகி எழுந்து போனார்கள், மறுபடி செய்தார்கள். கரையோரம் மீன் குறைந்துகொண்டே வந்தது. பத்தாம் வருஷம் உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை ரொசாரிச் சம்மாட்டி கரைமடியின் கயிற்றை இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டி, அதுவரை போகாத தூரத்துக்கு வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போடச் சொன்னார். நாற்பது பேர் இரண்டு வரிசையாக நின்று காலை முழுக்க இழுத்தார்கள். வலையின் மடி கரையேறியபோது அதில் கொஞ்சம் சாளையும் கொஞ்சம் காரலும் ஒரு திருக்கையும் கிடந்தன, அவற்றோடு இரண்டு கூடை நிறைய வெள்ளை வெளேரென்று உருண்டைகள் கிடந்தன. சில புளியங்கொட்டை அளவு, சில எலுமிச்சை அளவு, ஒன்றிரண்டு தேங்காய் அளவு. கல்லென்று எடுத்தால் கனமே இல்லை, கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் ஒன்றை எடுத்தவன் அதைக் கையில் உருட்டிப் பார்த்தான். பிறகு எதிர்வரிசையில் நின்ற தன் மச்சானைப் பார்த்து, போன வருஷம் என் வலையை அறுத்துவிட்டது நீதானா என்று கேட்டான். மச்சான் மாதாமேல் ஆணையாக இல்லை என்றான். அவன் கையிலும் அதைத் திணித்தார்கள். வாங்கினவன் அப்படியே மணலில் உட்கார்ந்து, நான்தான், எனக்கே மறந்துபோயிற்று என்று சொன்னான்.

அப்போதுதான் ஊருக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. தொட்டியில் சொல்லி முடித்து எழுகிறபோது பாவம் போவதோடு பாவத்தின் ஞாபகமும் போய்விடுகிறது. இத்தனை காலமும் அது யாருக்கும் தெரியவில்லை, மறந்துபோனதை மறந்துபோனோம் என்று எவனுக்குத் தெரியும். ஆண்டவர் நினைப்பதில்லை என்றால் செய்தவனும் நினைப்பதில்லை. கடல் மட்டும் அதை உருண்டையாக வைத்திருக்கிறது, தொட்டவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

முதல் வாரம் ஊர் ரணகளமாகக் கிடந்தது. பெண்கள் முறத்தோடு கரைக்கு வந்து பொறுக்கினார்கள். சிலர் புருஷனுடையதைத் தேடினார்கள், சிலர் மாமியாருடையதைத் தேடினார்கள், எல்லாரும் கடைசியில் தங்களுடையதையே கண்டெடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். ரொசாரிச் சம்மாட்டி தன்னுடையது ஒன்று நெல்லிக்காய் அளவில் கிடைத்ததும் அதைத் திருப்பிப் போட மறுத்துவிட்டார். முப்பது வயதில் உப்பளத்தில் வேலை செய்த ஒருத்தியோடு பனங்காட்டில் கழித்த ஒரு மத்தியானம் அது. இவ்வளவு நல்ல மத்தியானத்தை மறந்துவிட்டா இத்தனை நாள் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, அதை மடியில் கட்டிக்கொண்டே திரிந்தார். அவர் சம்சாரம் மூன்று நாள் உலை வைக்கவில்லை.

பிறகு ஊர்க்கூட்டம் கூடிற்று. தியானச் சாமியாருக்கு எழுதி ஆழத்தை நாற்பது பாகமாக மாற்றச் சொல்லலாம் என்று தீர்மானித்து எழுதினார்கள். அவர் போன வருஷமே காலமாகிவிட்டார் என்று பதில் வந்தது. சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் சொன்னது சொன்னபடியே நின்றது. பங்குச் சாமியார் பெர்க்மான்ஸ் அடிகளிடம் போனார்கள். பங்குகளை ஆளுகிற மேற்றிராசனமே மறந்துவிட்டது போல மாற்றம் வராமல் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பங்கிலேயே இருக்கிறவர் அவர், மெலிந்த மனிதர், நிதானமாகப் பேசுவார். மன்னிக்கப்பட்ட பாவம் இல்லாமல் போய்விடுகிறது என்பது திருச்சபையின் போதனை, ஆகையால் நீங்கள் கூடையில் வைத்திருப்பது இல்லாத ஒன்று, இல்லாத ஒன்றைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எல்லாருக்கும் பட்டது. ஆகவே ஊரே ஒரு சட்டம் போட்டது. கரைமடியில் வருகிற வெள்ளை உருண்டையை ஒருவரும் வெறுங்கையால் தொடக்கூடாது. அன்றன்றைக்கு வருவதைக் கூடையில் அள்ளிக் கரையோரக் கொட்டகையான வாடியில் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வள்ளத்தில் கொண்டுபோய் நாற்பது பாகத்துக்கு அப்பால் கொட்டிவிட வேண்டும். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினார்கள். ஒரு மாதத்தில் அது குப்பை அள்ளுகிற மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. மீன் ஏலம் எடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகள்கூட, இன்றைக்குப் பாவம் எத்தனை கூடை என்று விசாரித்துவிட்டுத்தான் வெற்றிலை போட்டார்கள். புத்திசாலிகள் சிலர் பஸ் ஏறி நாற்பது மைல் உள்ளே கரிசல்காட்டுப் பங்குக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பாவங்களும் அடுத்த வாரம் இங்கேதான் வலையில் வந்தன. இத்தனை பாகம் என்று கணக்காகச் சொன்ன கடல் உலகத்தில் இது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, கை தவறித் தொட்டவர்கள் சொன்னபடி, எங்கோ மலையில் தேயிலை பறிக்கிறவளுடையதும், ஹைதராபாத் லாரிக்காரன் ஒருவனுடையதும், ஒரு கன்னியாஸ்திரியுடைய மிளகு அளவு பொய் ஒன்றும்கூட இங்கேதான் கரையேறின.

இதைக் கேள்விப்பட்டபோதுதான் கித்தேரி அந்தக் கூடை வேலையைத் தானே பார்ப்பதாகச் சொன்னாள்.

கித்தேரி ஞானோபதேச டீச்சர். புதுநன்மை எடுக்கப்போகிற பிள்ளைகளைக் கோயில் விறாந்தையில் உட்காரவைத்து மந்திரங்களும் வேதகட்டளைகளும் சொல்லிக்கொடுப்பவள். கடவுளுக்கு இலட்சணங்கள் எத்தனை என்று அவள் கேட்டால் முப்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் ஆறு என்பார்கள். தாமாகவே இருக்கிறவர், தொடக்கமும் முடிவும் இல்லாதவர், உடம்பில்லாதவர், எல்லா நன்மையும் நிறைந்தவர், எங்கும் இருக்கிறவர், எல்லாவற்றுக்கும் காரணமானவர் என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். ஊரில் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் அவள் எட்டு வருஷமாகச் சம்சாரியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. புருஷன் கஸ்பார் ஒரு ஆடி மாதம் கூட்டாளி லெயோனோடு வள்ளத்தில் போனவன் திரும்பி வரவில்லை. லெயோன் மட்டும் வந்தான். அண்ணன் கொல்லத்தில் கரையிறங்கிவிட்டார், அங்கே ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள், இரண்டுபேரும் பஸ் ஏறிப் போனதைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னான். ஊர் நம்பிற்று. கித்தேரி பாதி நம்பினாள். தாலியைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆத்துமாக்கள் திருநாளில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறபோது, இவருக்கு ஒன்று ஏற்றலாமா சாமி என்று அவள் கேட்பாள். உறுதியாகத் தெரியாதபோது ஏற்றக்கூடாது, ஜெபம் பண்ணு என்று பெர்க்மான்ஸ் அடிகள் சொல்வார். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே ஒரு பதில் கிடைத்துவிட்டால் போதும், மற்றது எதுவும் வேண்டாம் என்ற நிலைக்கு அவள் எப்போதோ வந்துவிட்டிருந்தாள்.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. கஸ்பார் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் இருக்கிற ஆள் இல்லை. உயிரோடு இருந்தால், எந்தச் சீமையில் எந்தப் பெண்ணோடு இருந்தாலும், பெண்டாட்டியை விட்டு ஓடிவந்தேன் என்று ஏதோ ஒரு தொட்டியில் முழங்காலிட்டுச் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அது இந்தக் கடலுக்குத்தான் வந்திருக்கும். ஆகவே அவள் தன்னை விட்டு ஓடிப்போன பாவத்தைத் தேடினாள். அது கிடைத்துவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். கிடைக்க வேண்டுமே என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள்.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிறவள், இதைத் தொடமாட்டாள் என்று நம்பித்தான் ஊர் கூடையை அவளிடம் கொடுத்தது. வாடியின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வலது கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், உள்ளங்கையில் வைத்தாள், அறிந்தாள், வேறு கூடையில் போட்டாள். வைகாசி முழுக்க, ஆனி முழுக்க அவள் ஊரையே உள்ளங்கையில் வாங்கினாள். கோயில் உண்டியலில் தூண்டில் போட்டவனை அறிந்தாள், தங்கைக்குச் சேர வேண்டிய தோட்டை ஒளித்தவளை அறிந்தாள், செத்த மாட்டை விற்றவனை, தாயைக் கைநீட்டி அடித்தவனை, பக்கத்து வீட்டுப் பிள்ளை சாகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு ஏழு வருஷம் அழுதவளை அறிந்தாள், யாரென்றே தெரியாத தூரதேசத்து மனிதர்கள் எத்தனையோ பேரின் சின்னத்தனங்களையும் கேவலங்களையும் அறிந்தாள், அறிந்து, தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடந்து வருகிறபோது அவர்கள் முகத்தையே பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிப்போன புருஷர்கள் பதினாறு பேரைக் கண்டாள். அதில் கஸ்பார் இல்லை.

ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை கூடையின் அடியில் நார்த்தங்காய் அளவில் ஒன்று கிடந்தது. மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளை அதுதான். கனம் சுத்தமாக இல்லை. பெரிய பாவமாக இருக்காது என்று நினைத்துத்தான் அவள் அதை எடுத்தாள்.

எடுத்ததும் அவள் வள்ளத்தில் நின்றாள். லெயோனுடைய கண்ணால் பார்த்தாள், லெயோனுடைய பயத்தால் வியர்த்தாள். வலை கடலடிப் பாறையில் சிக்கியிருந்தது, அதை விடுவிக்க கஸ்பார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தான், கயிற்றின் இந்த முனை லெயோனின் வலது கையில் சுற்றியிருந்தது, தெற்கே வானம் கறுத்துக் காற்று ஒரேயடியாகத் திரும்பிற்று, வள்ளம் பாறைப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று, அப்போது கயிறு மூன்று முறை இழுபட்டது. மூன்று முறை என்றால் தூக்கு என்று அர்த்தம். தூக்குவதற்கு வள்ளம் அங்கேயே நிற்க வேண்டும், நின்றால் பாறையில் மோதும். லெயோன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். வள்ளம் திரும்பிற்று, காற்று அதைக் கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. கரைக்கு வருகிற வழியெல்லாம் அவன் அழுதான், அழுதுகொண்டே கொல்லத்தையும் பஸ்ஸையும் ஒரு பெண்ணையும் யோசித்து முடித்தான். பிறகு அடுத்த தபசுகாலம் வந்தது, தொட்டி வந்தது, சல்லடைத் தட்டிக்கு அப்பால் பெர்க்மான்ஸ் அடிகளின் காது வந்தது. அவர், ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒன்பது நாள் சொல்லு, அந்தக் குடும்பத்துக்குக் கடைசிவரை குறைவில்லாமல் பார்த்துக்கொள் என்று அபராதம் விதித்தார், கையை உயர்த்தினார், பாவப்பொறுத்தல் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரே வெளிச்சம், அவ்வளவு சுகமான வெளிச்சத்தை கித்தேரி தன் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாரம் தவறாமல் ஓலைப்பெட்டியில் வந்த மீன் அவளுக்கு ஞாபகம் வந்தது. எட்டு வருஷமாக லெயோன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிற மீன். பாசத்தில் கொடுக்கிறான் என்று நினைத்து அவள் நெத்திலியைக் குழம்பு வைத்தாள், சீலாவைப் பொரித்தாள், முள்ளை எடுத்து ருசித்துச் சாப்பிட்டாள். தின்றது அவனுடைய அபராதம். அவள் உருண்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாடிக்கு வெளியே வந்தாள்.

நேரே சாமியார் பங்களாவுக்குப் போனாள். அடிகள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை விலக்கி உருண்டையைக் காட்டினாள். அவர் அதைத் தொடவில்லை, பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

"கஸ்பாரு செத்துட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா சாமி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, கித்தேரியம்மா."

ஊற்றின தண்ணீர் அவர் அங்கியிலேயே கொட்டிற்று. அவரால் வேறு பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும். தொட்டியில் கேட்டதைச் சொல்லுகிற குருவானவர் குருவானவரே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். ஆனாலும், உறுதியாகத் தெரியாதபோது மெழுகுவர்த்தி ஏற்றாதே என்று தெரிந்த பிறகும் ஏழு திருநாள் இவர் முகத்துக்கு நேரே சொன்னாரே என்று அவளுக்கு ஆறவில்லை. பேசாமல் இருப்பது ஒன்று, தெரியாது என்பது வேறொன்று. சரி, உங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் எல்லாம் அறிந்தவர், ஆனால் மன்னித்ததை அவர் நினைப்பதில்லை, அதுதான் அவருடைய இரக்கம் என்று அடிகள் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மறக்கது அவருக்கு எரக்கம் சாமி. எனக்கு எட்டு வருசம்." அவள் குரல் ஏறவில்லை. "எங்கும் இருக்காருன்னு நான்தான பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கேன். அப்பொ தண்ணிக்கடியில கயிறு இழுத்தவரு பக்கத்துலயும் இருந்துருக்காரு. வள்ளத்துலயும் இருந்துருக்காரு. ஒங்க தொட்டியிலயும் இருந்துருக்காரு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்த வாசல்லயும் இருந்துருக்காரு. நாலு எடத்துலயும் இருந்துக்கிட்டு, மன்னிக்கதுக்கு முன்னால என்னய ஒரு வார்த்த கேட்டாரா?"



லெயோன் அப்போது வாடிக்குத் தெற்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நல்ல திடகாத்திரமான மனிதன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவன். அவளைக் கண்டதும் எழுந்து, பெட்டியில் எடுத்து வைத்திருந்த விளமீனைக் காட்டி, நல்ல மீனு மைனி, நானே கொண்டாரலாம்னு இருந்தேன் என்றான். அந்த முகத்தில் ஒரு கறை இல்லை. அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொல்லத்தையும் பஸ்ஸையும் இப்போது அவனே நம்புகிறான். வாரா வாரம் எதற்காக மீன் கொண்டுவருகிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது, பழக்கதோஷத்தில் கொண்டுவருகிறான். கோபப்படுவதற்குக்கூட எதிரில் ஆள் இல்லாமல் செய்துவிட்டார்களே என்று அவள் நினைத்தாள்.

உருண்டையை நீட்டினாள்.

"அது தொடப்படாதுல்லா மைனி."

"தொடு."

அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். உள்ளங்கையில் அது பட்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. அவனுடைய வலது கை தானாகவே முன்னால் வெட்டி வெட்டி மூன்று முறை போயிற்று. பிறகு அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"மூணு தடவ இழுத்தாரு மைனி."

எட்டு வருஷத்தில் அவளிடம் யாராவது சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் இதற்காகக் காத்திருந்தாள், கேட்டதும் அவளும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.  லெயோன், இதை நாற்பது பாகத்துக்கு அப்பால் போட்டுவிடுங்கள், நான் இப்போதே போய்ச் சாமியிடம் திரும்பச் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினான்.

"கடவுள் மன்னிச்சிட்டாரு லெயோனு," என்றாள் கித்தேரி. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவன் போய்த் தொட்டியில் முழங்காலிட்டான். ஒருமுறை மன்னிக்கப்பட்டதை இரண்டாம் முறை மன்னிக்க வழியில்லை, அது இல்லாமல் போய்விட்டது என்று சொல்லி அடிகள் அவனை அனுப்பிவிட்டார். லெயோன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் ஊரிடம் சொன்னாள்.

ஊர் ஒரு நாள் முழுக்கக் கித்தேரிக்காக அழுதது. கொல்லத்துக்காரியைப் பற்றிக் கதை கட்டிய பெண்கள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஊருக்கு வேறு யோசனை வந்தது. காற்று அடிக்கிறபோது பயம் யாருக்குத்தான் இல்லை என்றார்கள். லெயோன் நல்ல பையன், குடிக்கமாட்டான் என்றார்கள். கடவுளே பொறுத்துக்கொண்டதை இவள் பொறுக்கக்கூடாதா, ஞானோபதேசம் வேறு சொல்லிக்கொடுக்கிறாளே என்றார்கள். அதற்கடுத்த நாள், வெறுங்கையால் தொட்டதனால்தானே இவளுக்கு இது தெரிந்தது, அப்படியானால் நம்முடையது எல்லாமும் இவளுக்குத் தெரியுமே என்ற நினைப்பு ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வந்தது. அன்றைக்கே கூட்டம் போட்டார்கள்.

சட்டத்தை மீறினதற்கு அவளை என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லுகிறவன் முகத்தை அவள் பார்த்துவிட்டால் என்ன செய்வது. ஆகவே அந்த உருண்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு, வெள்ளிக்கிழமைக் கூடையோடு போகட்டும் என்று ரொசாரிச் சம்மாட்டியை விட்டுச் சொல்லச் சொன்னார்கள். மடியில் தன்னுடைய மத்தியானத்தைக் கட்டிவைத்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார்.

கித்தேரி எழுந்து பங்குச் சாமியாரைப் பார்த்தாள். "சாமி சொல்லட்டும். என் கையில ஏதாவது இருக்கா?"

 இருக்கிறது என்றால் அவருடைய போதனை போயிற்று, இல்லை என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பொ இல்லாததக் கேக்காதிங்க," என்று கித்தேரி சொன்னாள். பிறகு தனக்கு வேண்டியதைக் கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலம், கஸ்பார் என்று பெயர் எழுதின ஒரு சிலுவை, இறந்தவர் புத்தகத்தில் ஒரு வரி. உடம்பில்லாமல் எப்படி என்று யாரோ முனகினார்கள். உடம்பு இல்லாதவரைத்தானே இத்தனை காலமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவள் சொன்னாள். அவர் இறந்ததற்குச் சாட்சி வேண்டும் என்று அடிகள் மெல்லிய குரலில் சொன்னார். தெரிந்தும் தெரியாதவராக இருக்க வேண்டிய அந்த மனிதர் அதைத் தவிர வேறு எதைக் கேட்க முடியும். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து லெயோன் எழுந்து நின்று, நான் சாட்சி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம் நடந்தது. பெட்டிக்குள் கஸ்பாரின் கல்யாண வேட்டியையும் ஒரு சட்டையையும் விரித்து, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அந்த வெள்ளை உருண்டையை வைத்தாள் கித்தேரி. கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றி அதைச் சுற்றி வைத்தாள். பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவன் லெயோன். அடிகள் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், தன்னால் மன்னிக்கப்பட்ட பாவத்துக்கே தான் அடக்கப் பூசை செய்வது அவருக்குத் தெரிந்திருந்தது. கடலில் போட்டால் இன்னொருமுறை எல்லாரும் மறந்துபோவார்கள், மண்ணில் போட்டால் வருஷா வருஷம் வந்து மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும், அதுதான் அவளுடைய யோசனை. அவள் அழுதாள். இத்தனை வருஷம் புருஷனைத் திட்டித் திட்டிப் படுத்திருக்கிறோமே, தண்ணீருக்குள் கிடந்தவனைக் கொல்லத்தில் தேடித் தேடிச் சபித்தோமே என்று வாய்விட்டு அழுதாள். குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் வானத்தைப் பார்க்கவில்லை. முன்னெல்லாம் பார்ப்பாள்.

மறுவாரம் ரொசாரிச் சம்மாட்டி கரைமடியின் கயிற்றைப் பழைய நீளத்துக்கே வெட்டிவிட்டார். மீன் குறைந்தாலும் பரவாயில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பாவங்கள் எட்டுப் பாகத்தில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். லெயோன் மீன் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கித்தேரி அதை வாங்குவதும் இல்லை, வேண்டாம் என்று சொல்வதும் இல்லை, பெட்டி வாசலில் பொழுது சாயும்வரை கிடக்கும், பிறகு பூனைகள் தின்னும். ஞானோபதேச வகுப்பை மட்டும் அவள் விடவில்லை. வேறு ஆள் வைக்கலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், அடிகள் கேட்காதவர்போல இருந்துவிட்டார்.

மறு வருஷம் உறுதிபூசுதல் கொடுக்க மேற்றிராசனத்தின் ஆயரான மேற்றிராணியார் வந்தார். தொப்பியும் செங்கோலுமாகப் பீடத்துக்கு முன் உட்கார்ந்து, வழக்கப்படி பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கினார். வெள்ளைக் கவுனில் முதலாவதாக நின்றது லெயோனின் மூத்த மகள் பிரிஸ்கா. கடவுளுக்கு இலட்சணங்கள் எத்தனை, சொல்லு பார்ப்போம் என்று அவர் கனிவாகக் கேட்டார். பிரிஸ்கா ஐந்து என்றாள். மேற்றிராணியார் சிரித்து, எண்ணிச் சொல்லச் சொன்னார். அவள் விரல் மடக்கிச் சொன்னாள். தாமாக இருக்கிறவர், தொடக்கமும் முடிவும் இல்லாதவர், உடம்பில்லாதவர், எல்லா நன்மையும் நிறைந்தவர், எல்லாவற்றுக்கும் காரணமானவர். நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றே மகளே, எங்கும் இருக்கிறவர் என்று ஒன்று உண்டே என்று அவர் எடுத்துக்கொடுத்தார்.  ஆண்கள் பக்கத்தில் லெயோன் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் வெறுங்கழுத்தோடு கித்தேரி உட்கார்ந்திருந்தாள்.

"அது உண்டு, ஆண்டகை," என்றாள் பிரிஸ்கா. "கயிறு மூணு தடவ இழுத்தப்ப எங்க இருந்தாருன்னு அவரு வந்து சொல்லட்டும், அதுக்குப் பொறவு அதப் படிச்சாப் போதும்னு டீச்சர் சொல்லிருக்காங்க."

மேற்றிராணியாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன இது என்று கேட்கிற மாதிரிப் பங்குச் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பெர்க்மான்ஸ் அடிகள் இத்தனை வருஷமாகப் பழகினபடியே வாயைத் திறக்கவில்லை.